இட்டேரி யாருடையது?



நம் பட்டா நிலத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, யாருக்கு எவ்வளவு பாகம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால் படலைத் திறந்து வெளியே கால் வைக்கிறோமே, அந்தத் தடம் யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "அது காலங்காலமா இருக்கற தடமுங்க" என்பார்கள். காலங்காலமாக இருக்கிற தடம்தான் இன்றைக்கு ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. கேட்பாரில்லாத சொத்து அது.

எந்தத் தடம் பொது, எது தனியார், எதில் உரிமையோடு நடக்கலாம், எதில் கேட்டுவிட்டு நடக்க வேண்டும் என்று காகிதத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியும். வங்கியில் விவசாயக் கடனுக்காகப் பத்திரம் பார்த்தே பல வருஷம் ஓட்டியவன் நான். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை நம் இயக்கத் தோழர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

இட்டேரி என்றால் என்ன?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாக விவசாயத்துக்கு வருகிற இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டி போகும் மண் தடம். அதுதான் இட்டேரி. வேலியில் முள்கிளுவை இருக்கும். அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் ஏறிக் கிடக்கும். இடையிடையே சங்கஞ்செடி, சூரிமுள், ஆவாரை, நொச்சி, கற்றாழை, திருகுகள்ளி. கீழே அரணை, ஓணான், கீரி. மேலே கரிச்சான், தவிட்டுக்குருவி. கௌதாரி குஞ்சு பொரிப்பதும் அங்கேதான்.

நம் பூச்சிவிரட்டிக்கு வேண்டிய நொச்சி, எருக்கு, ஆடாதொடை இலைகளை விலைக்கா வாங்குகிறோம்? வேலியில் ஒடித்துக்கொள்கிறோம். புழுவைத் தின்னும் குருவிக்கும் குளவிக்கும் வீடு அந்த வேலி. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் காற்றில் வருவதை ஓரளவு தடுத்து நிறுத்துவதும் அதுதான். இயற்கை வேளாண்மைச் சான்று வாங்கும்போது இடைவெளிப் பகுதி எங்கே என்று கேட்கிறார்களே, பல தோட்டங்களில் அதற்கு இட்டேரியைத்தான் காட்டுகிறோம். ஆகவே இது வெறும் நடைபாதைப் பிரச்சனை இல்லை. வேலி போனால் நம் விவசாயத்துக்கும் சேதம்.

கொங்கு நாட்டில் பொதுவழி என்பது புதுச் சங்கதியும் இல்லை. கோவை சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் வட்டெழுத்திலும் தமிழிலும் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் நோக்கிப் போன ராஜகேசரிப் பெருவழியின் பெயரைச் சொல்கிற கல்வெட்டு. 9-ஆம் நூற்றாண்டில், ஆதித்த சோழன் காலத்தில் வெட்டியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வழிக்குப் பெயர் வைத்துக் கல்லில் பதிவு செய்த ஊர் நம்முடையது. நம் காலத்துக் கல்வெட்டு எது என்றால், தாலுக்கா அலுவலகத்தில் இருக்கும் பதிவேடும் வரைபடமும்தான்.

புறம்போக்கு என்ற சொல்

ஒருத்தனைத் திட்ட வேண்டுமென்றால் இன்றைக்குப் 'புறம்போக்கு' என்கிறார்கள். உண்மையில் அது மரியாதையான சொல். தீர்வை போடாமல், யாருக்கும் பட்டா கொடுக்காமல், ஊர் முழுக்கப் பயன்படுத்த என்று புறத்தே விட்ட நிலம் புறம்போக்கு. வண்டிப்பாதை, ஓடை, பள்ளம், குளம், மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம்.

1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை, அவற்றை ஒட்டிய பள்ளம், வேலி, ஆறு, ஓடை, குளம் ஆகியவை அரசின் சொத்து என்கிறது. வேறு யாருக்கும் உரிமை நிரூபிக்கப்பட்டால் அது விலக்கு. பாதையை மட்டும் சொல்லாமல் பாதையோரத்து வேலியையும் அந்தச் சட்டம் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அதனால் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து இட்டேரி வேலியை வழிக்கும் முன்னால், அது யாருடைய வேலி என்று கேட்கலாம்.

2011 ஜனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் நமக்கு முக்கியம். பஞ்சாபில் ஒரு ஊர்க்குட்டையை ஆக்கிரமித்த வழக்கு அது. அதில் எல்லா மாநில அரசுகளும் ஊர்ப் பொது நிலத்தில் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போட வேண்டும் என்று உத்தரவானது. நீண்ட காலமாக அனுபவித்து வருகிறேன், கட்டடத்துக்கு நிறையச் செலவு செய்துவிட்டேன் என்று சொல்வதெல்லாம் ஆக்கிரமிப்பை ஒழுங்குபடுத்தக் காரணம் ஆகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பை ஒரு வரி குறிப்பிடுங்கள்.

காகிதத்தில் தடம் தேடுவது

முதலில் கிராம வரைபடம். மாவட்ட நில அளவை அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி வாங்கலாம். ஊர் முழுக்க உள்ள சர்வே எண்களும், அவற்றுக்கு இடையே நெளிந்து போகும் தடங்களும் ஓடைகளும் அதில் தெரியும். நீளமாக, பாம்பு மாதிரி, தனி எண்ணோடு ஒரு துண்டு நிலம் போனால் அது பாதையாகவோ ஓடையாகவோ இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அ-பதிவேடு. தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் அரசு என்றும், வகைபாட்டில் புறம்போக்கு என்றும், குறிப்பில் வண்டிப்பாதை, ஓடை, குளம் என்றும் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக, அளவுகளோடு இருக்கும். இதையும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். பாதைக்குத் தனி எண்ணோ உட்பிரிவோ இருந்தால் அது அரசு நிலம். எண் இல்லாமல், பட்டா நிலத்துக்குள்ளேயே விட்டு விட்டுப் போட்ட கோடாக ஓடினால், நிலம் பட்டாதாரருடையது. அதில் போய்வரும் பழக்கம் மட்டும் அளந்த காலத்தில் இருந்திருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் சட்டம் வேறு, போகிற அலுவலகமும் வேறு.

நான்காவது பழைய பத்திரங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் மூலப்பத்திரத்தில் செக்குபந்தியைப் படியுங்கள். 'வடக்கே இட்டேரி', 'மேற்கே தென்வடல் தடம்' என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே ஆள், ஆடு, மாடு, வண்டி வாகனாதிகள் போகவர உள்ள மாமூல் தட பாத்தியம் என்று ஒரு வாசகம் வரும். பலர் இதைச் சும்மா வழக்கத்துக்கு எழுதுவது என்று நினைக்கிறார்கள். 60, 70 வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு தடம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இங்கே ஒரு சிறு கணக்கும் சொல்கிறேன். அ-பதிவேட்டில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். எங்கள் ஊர் இட்டேரி ஒன்றுக்கு 0.42.5 என்று இருந்தது. அதாவது 4,250 சதுர மீட்டர். புலப்படத்தில் நீளம் 680 மீட்டர். வகுத்தால் சராசரி அகலம் 6.25 மீட்டர், ஏறக்குறைய இருபது அடி. தரையில் போய் அளந்தால் பல இடத்தில் எட்டடிகூட இல்லை. மீதிப் பன்னிரண்டு அடி இரண்டு பக்கத்து வரப்புக்குள்ளும் போய்விட்டது. பழைய அளவுகள் லிங்க்ஸில் இருந்தால் பயப்பட வேண்டாம். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி.

1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். பதிவு மேம்பாட்டுக்குப் பிறகுதான் இப்போதைய பதிவேடுகள் வந்தன. அதில் பாதை விடுபட்டிருப்பதாகச் சந்தேகம் இருந்தால் அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்கள் ஊரில் நடந்தது

எனக்கு வீடு பீளமேடு, தோட்டம் அன்னூர்ப் பக்கம். அங்கே மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலே சொன்ன இட்டேரியின் இரண்டு பக்கத்துக் காடுகளையும் ஒரே தரப்பு வாங்கியது. ஒரு வாரத்தில் ஒரு பக்கத்து வேலி முழுக்கத் தரைமட்டம். இரண்டு முனையிலும் இரும்புக் கேட், தனியார் இடம் என்று போர்டு. கேட்டதற்கு, "ரண்டு பக்கமும் எங்களுதுதானுங்களே, நடுவால போற தடம் வேற யாருக்குங்க?" என்றார்கள். இரண்டு கரையையும் வாங்கினால் ஆறும் சொந்தமாகிவிடுமா?

அந்தத் தடத்தில் போனவர்களில் நிலமில்லாத ஒரு அம்மாவும் உண்டு. முப்பது ஆடு வைத்து மேய்த்துக் கொண்டிருந்தவர். குளத்துக்கும் மேய்க்காலுக்கும் அந்த இட்டேரி வழியாகத்தான் ஓட்டிப் போவார். "ஏனுங்க, எங்க அப்பாரு காலத்துல இருந்து இதுலதான போயிட்டு வந்துட்டு இருக்கறோம். இப்ப ரண்டு மைல் சுத்திப் போகோணுமாமா" என்று வந்து நின்றார். சுற்றிப் போவதென்றால் தார் ரோடு, டிப்பர் லாரி. ஒரே மாதத்தில் இரண்டு ஆடு அடிபட்டுச் செத்தது. பால் ஊற்றப் போகிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதே சுற்றுத்தான். ஆனால் அவர்களுக்கு அது நேரம். இந்த அம்மாவுக்கு அதுதான் பிழைப்பு.

பதினோரு பேர் சேர்ந்தோம். மேலே சொன்ன நான்கு காகிதங்களையும் சேகரித்தோம். கிராம சபையில் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டோம். ஜமாபந்தியில் மனுக் கொடுத்து ரசீது வாங்கினோம். நில அளவர் வந்து அளந்து கல் நட்டார். அதன்பிறகு ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவு அறிவிப்பும், 6-ஆம் பிரிவு அகற்றும் உத்தரவும் வந்தன. கேட் கழன்றது. எல்லாம் முடியப் பத்து மாதம் ஆனது. அதற்குள் அந்த அம்மா வயிற்றுப்பாட்டுக்கு ஆடுகளை விற்றுவிட்டார். தடம் திறந்த அன்றைக்கு அவரிடம் இருந்தது நான்கு ஆடு. காகிதம் ஜெயித்தது உண்மை. ஆனால் ஏழைக்குப் பத்து மாதம் என்பது ரொம்ப நீளம். பாதை அடைபட்ட பிறகு தேட ஆரம்பிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே தடத்தின் மறுமுனையில் ஒரு இருநூறு மீட்டர் பட்டா நிலத்துக்குள் போகிறது. அதற்குத் தனி எண் இல்லை, விட்டு விட்டுப் போட்ட கோடுதான். அங்கே தாசில்தாரால் ஒன்றும் செய்ய முடியாது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தி வந்த வழிக்குப் பாத்தியம் உண்டு. ஆனால் அதை நிரூபிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நாங்கள் போகவில்லை. தோட்டக்காரரிடம் உட்கார்ந்து பேசினோம். ஆளும் ஆடும் போகலாம், வண்டி வேண்டாம், படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும் என்றார். நியாயமாகப் பட்டது, ஒத்துக்கொண்டோம்.

எல்லா அரசு நிலத்திலும் நடக்கலாமா?

நடக்க முடியாது. இதில் கவனம் வேண்டும். காப்புக்காடு அரசு நிலம்தான்; ஆனால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். வெள்ளியங்கிரி மலைக்கே குறிப்பிட்ட மாதங்களில்தான் விடுகிறார்கள். கோயில் நிலம் கோயிலுடையது. நத்தம் குடியிருப்புக்கு. பூமிதான நிலம், அதைப் பெற்று உழுகிறவருக்கு. வாய்க்கால் கரையில் நீர்வளத்துறையின் பராமரிப்புத் தடம் இருக்கும். அங்கே எழுதிப்போட்டிருக்கும் தடையை மதிக்க வேண்டும். காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகள் வெட்டவெளியாக, பொது மேய்ச்சல் நிலம் மாதிரி தெரியும். அவை எல்லாம் பட்டா நிலம். படலைத் தாண்டும் முன் உரியவரைக் கேட்க வேண்டும்.

தடாகம், ஆனைகட்டிப் பக்கத்தில் விடிகாலையும் சாயங்காலமும் தடத்தில் நடக்காதீர்கள். அந்நேரத்துக்கு யானை வரும். உயிர்வேலி ஓரத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். இருட்டில் டார்ச் இல்லாமல் போகக் கூடாது.

மற்ற நாட்டில் எப்படி?

இங்கிலாந்திலும் இது சண்டை போட்டுத்தான் வந்தது. 1932 ஏப்ரல் 24-இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி நடந்தார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், உள்ளாட்சி நிர்வாகங்கள் பொதுத்தடங்களை எல்லாம் கணக்கெடுத்து அறுதி வரைபடம் ஒன்றில் பதிய வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் ஏறிய தடத்தை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. 2000-இல் வந்த இன்னொரு சட்டம், மலை, புதர்க்காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றில் காலால் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. கடையில் விற்கும் வரைபடத்திலேயே அந்த நிலங்கள் மஞ்சள் சாயத்தில் இருக்கும். பாதைகளுக்குப் பச்சைக் கோடு. வரைபடத்தை விரித்தால் நடக்கிறவனுக்கும் தெரியும், தோட்டக்காரனுக்கும் தெரியும். வாய்ச்சண்டை பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் அப்படி ஒரு நடக்கும் உரிமைச் சட்டம் இல்லை. ஆனால் நம்மிடம் சர்வே எண் வாரியாகப் பதிவேடு இருக்கிறது, ஒவ்வொரு நிலத்துக்கும் படம் இருக்கிறது. இல்லாதது, பொதுத்தடத்தை மட்டும் எடுத்து ஒரே படத்தில் காட்டும் வேலை. அதை நாமே செய்யலாம். கிராம வரைபடத்தின் நகலில் வண்டிப்பாதைக்குப் பச்சை, ஓடைக்கும் குளத்துக்கும் நீலம், மேய்க்காலுக்கு மஞ்சள், பட்டாவுக்குள் போகும் தடத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நான்கு வண்ணப் பென்சில் போதும்.

நம் வேலியையும் பார்ப்போம்

ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். இட்டேரியைக் குறுக்கியதெல்லாம் வெளியூர்க்காரர்கள் இல்லை. வருஷத்துக்கு ஒரு சால் என்று உழுது உழுது தடத்தைத் தின்றவர்கள் நம் ஆட்களே. உயிர்வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டும்போது, கம்பி பழைய வேலிக்கு ஒரு முழம் அந்தப் பக்கம்தான் போகிறது. மனுக் கொடுக்கப் போகிறவர் முதலில் தன் எல்லையை அளந்துகொண்டு போவது நல்லது. எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம், 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம். அரசு தன் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்கான காலம் 30 வருஷம். அதற்குமேல் சும்மா இருந்தால் ஆக்கிரமித்தவர் அதையே வாதமாக வைப்பார். போன தலைமுறையில் அடைபட்ட தடங்களுக்கு இந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

தடத்தை விட்டுக்கொடுத்தால் களவு போகும், குப்பை போடுவார்கள் என்று தோட்டக்காரர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத தடத்தில்தான் சாராய பாட்டில் கிடக்கிறது, தேங்காய் களவு போகிறது. காலையும் மாலையும் ஊர்ச் சனம் நடக்கிற தடத்துக்குக் காவல் அந்தச் சனம்தான். நடக்கிறவர்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும். திறந்த படலைச் சாத்துங்கள். விளைச்சலில் கை வைக்காதீர்கள். நாயைக் கயிற்றில் பிடியுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இந்த வருஷம் செய்யக்கூடியது

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்துதான் இயற்கை விவசாயத்தைப் பேசினார். நாமும் நம் ஊரை ஒருமுறை நடந்து பார்ப்போம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிராம வரைபடத்தோடு, ஊரில் வயதான இரண்டு பேரையும், ஆடு மேய்க்கும் ஒருவரையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். எந்தத் தடம் திறந்திருக்கிறது, எது குறுகிவிட்டது, எது அடைபட்டது என்று சர்வே எண்ணோடு எழுதுங்கள். அகலத்தை டேப் பிடித்து அளங்கள், போட்டோ எடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எது அடுத்து வருகிறதோ அதில் பட்டியலை வைத்துத் தீர்மானம் கேளுங்கள். ஜமாபந்தி வரும்போது அந்தத் தீர்மான நகலோடு மனுக் கொடுங்கள்.

மழைக்கு முன்னால் கிளுவைப் போத்துகளை வெட்டி வையுங்கள். எங்கள் இட்டேரியில் வழித்தெடுத்த பக்கத்தில் போன வருஷம் நட்டது இப்போது முழங்கால் உயரம் வந்திருக்கிறது. பழைய வேலி மாதிரி ஆக இன்னும் பல வருஷம் ஆகும். பிரண்டையும் கோவைக்கொடியும் தாமாக ஏற ஆரம்பித்துவிட்டன.